பத்தில் ஒளிந்த பெயர்

அத்தியாயம் 7

"முதலாளியா இருந்தாலும் விரல் வெக்காம இந்த கேட்டு தொறக்காதுங்க. நான் போட்ட சட்டம், எனக்கும் சேத்துத்தான்!"

நாராயணசாமி பெருமை பொங்கக் கட்டைவிரலை மிஷினில் அழுத்தினார். அது 'கீச்' என்று ஒரு சத்தம் போட்டது. ஆளுயர இரும்பு கேட் ஒரு சுற்று சுற்றி, அவருடைய தொந்தியைப் படாதபாடு பட்டு உள்ளே விட்டது.

சர்புதீன் விஜயலட்சுமியின் பக்கம் சாய்ந்தான். "மேடம், மிஷின் கத்துனது விரலுக்கா, தொந்திக்கா?"

"வாயை மூடிக்கினு வா."

வாயை மூடச் சொல்வது சுலபம். ஆனால் பிறந்ததிலிருந்து அவன் வாய் மூடியதாகச் சரித்திரம் இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவன் அப்பா கவுஸ் பாஷாவுக்கு ஒரு செல்போன் கடை. அந்தக் கடைக்கு மேல்மாடியில்தான் விஜயலட்சுமியின் துப்பறியும் ஆபீஸ். ஒரு நாள் அவளுடைய கம்ப்யூட்டரைச் சரிபார்க்க மாடிப்படி ஏறியவன், உதவியாளனாகவே தங்கிவிட்டான். கவுஸ் பாஷா இன்னும் கீழேயிருந்து திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

பெரும்பாலும் கல்யாண விசாரணை கேஸ்கள்தான் வரும். மாப்பிள்ளை குடிப்பானா, பெண் ஏற்கெனவே யாரையாவது விரும்புகிறதா, இந்த ரகம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த பச்சையம்மாளின் கேஸ் அப்படியில்லை. கரியாலூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அப்பா, அம்மா போன பிறகு தம்பி அஜித்குமாரைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் இந்த மரவள்ளிக் கிழங்கு மில்லில் மத்தியான ஷிப்டு வேலை பார்த்தான். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமையிலிருந்து ஆளைக் காணோம். போன் சுவிட்ச் ஆஃப்.

மில்லில் கேட்டதற்கு, "அன்னிக்கு அவன் வேலைக்கே வரலியே, மிஷினே சொல்லுது பாரு" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். வேறு யாராவது என்றால் அதை வாங்கிக்கொண்டு அழுதிருப்பார்கள். பச்சையம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கணக்கு வேறு. மில்லுக்கு வரவில்லை என்றால் வேறெங்கோ போயிருக்கிறான். மலையிலிருந்து கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிற கூட்டத்தோடு ஏறியிருப்பான். போனவன் ஒரு நாள் வருவான். வருகிறவனுக்கு நம்பர் கட் ஆகியிருக்கக் கூடாது என்று, மாதா மாதம் மலையிறங்கி வந்து கவுஸ் பாஷா கடையில் தம்பியின் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டுப் போவாள். இன்று காலையும் வந்திருந்தாள். சர்புதீன்தான் போட்டான்.

"எந்த ஊருல இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சு குடும்மா. நான் போய் இட்டுக்கினு வந்துடறேன்." விஜயலட்சுமியிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

அதற்காகத்தான் இந்த மில் விஜயம்.

கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே, வாகை மரத்தடியில் புத்தம் புதிதாக ஒரு சிமெண்டுத் தளம். வெயிலில் நடந்து வந்த சர்புதீன் அதன் மேல் ஏறி நின்று காலால் தட்டிப் பார்த்தான்.

"இன்னா வழவழப்பு! எங்க வூட்டு ஹால் கூட இப்படி இல்லீங்க. பாயைக் கொண்டாந்து போட்டு இங்கியே படுத்துடலாம் போல."

நாராயணசாமி கடகடவென்று சிரித்தார். "பழைய கழிவுத் தொட்டிங்க. மாவுத் தண்ணி நின்னு நின்னு ஒரே நாத்தம். மண்ணைக் கொட்டி மூடிட்டேன். வாங்க, வாங்க, உள்ள ஃபேன் இருக்குது."

உள்ளே ஃபேன் இருந்தது, மோரும் வந்தது. ஒளிக்க ஒன்றும் இல்லாத மனுஷன் எப்படி நடப்பானோ அப்படி நடந்தார் நாராயணசாமி. ஜூன் மாதத்து வருகைப் பதிவு மொத்தத்தையும், பட்டியல் போடுகிற புரோகிராமோடு, பென் டிரைவில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். அந்த வியாழக்கிழமைப் பட்டியலை அச்செடுத்தும் கொடுத்தார். விஜயலட்சுமி பென் டிரைவை அங்கேயே தன் மடிக்கணினியில் செருகி, நாள் நாளாக ஒரு நோட்டம் விட்டாள்.

"எடுத்துக்கினு போங்கம்மா. நல்லா பாருங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? மலைக்காரப் பசங்க திடீர்னு கெளம்பிடுவானுங்க. சொல்லிட்டா போறானுங்க?"

"கேட்டுல இப்ப இருக்கறது புதுசாட்டம் இருக்குதே, ஜூன்ல இருந்த பழைய கம்ப்யூட்டர் எங்கீங்க?" என்றாள் விஜயலட்சுமி.

"புது மிஷின் வந்ததும் அந்த டப்பாவைக் காயலான் கடையில போட்டாச்சு."

"சரிங்க. ஜூன் பத்தாம் தேதி மில்லு லீவா?"

நாராயணசாமிக்குக் கேள்வியின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "மில்லுக்கு ஏதும்மா லீவு? பொங்கல் ஒரு நாள்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன். வரோங்க."

வெளியே வந்து பைக்கைக் கிளப்பி, முதல் டீக்கடையில் நிறுத்தினாள் விஜயலட்சுமி. அச்செடுத்த காகிதத்தை சர்புதீனின் மடியில் விரித்தாள்.

"இந்த லிஸ்டுல இல்லாத ஒரு ஆளைச் சொல்லு."

"இதுக்கு இன்னா பரிசு? அஜித்குமார்."

"இன்னொரு ஆள்?"

சர்புதீன் காகிதத்தை மேலிருந்து கீழே மேய்ந்தான். ராத்திரி ஷிப்டு ஆட்கள் வெளியே போனது இருந்தது. காலை ஷிப்டு ஆட்கள் உள்ளே வந்தது இருந்தது. கடைசி வரி ஆறு ஒன்பது. அதற்குக் கீழே வெறும் வெள்ளைக் காகிதம்.

"மேடம்... முதலாளியே இல்லியே! அவரும் விரல் வெக்கிறாரே!"

"முதலாளி இல்ல, சமையல்காரம்மா இல்ல, மத்தியான ஷிப்டுல ஒரு ஈ காக்கா இல்ல. அஜித்குமார் வராத அன்னிக்கு மில்லுக்கு யாருமே வரலை. அப்புறம் மாவை அரைச்சது யாரு, பேயா?"

"பேய்க்கு விரல் ரேகை கெடையாது மேடம். அதான் விழலை."

விஜயலட்சுமி சிரிக்கவில்லை. பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்து மற்ற நாட்களின் பட்டியலைக் காட்டினாள். வெள்ளிக்கிழமையும் ஆறு மணியை ஒட்டி நின்றுவிட்டது. சனிக்கிழமை கொஞ்சம் நீண்டு, பத்து மணிக்கு முன்னால் நின்றது. ஜூன் பத்தாம் தேதி ஒரு பெயர் கூட இல்லை, மொத்தமும் காலி.

"அதனாலதான் லீவான்னு கேட்டீங்களா? நான் கூட வெயில்ல உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

"எல்லா நாளும் எங்க நிக்குதுன்னு பாரு. ஆறு பத்து வர்றதுக்கு முன்னாடி நிக்குது. பத்து மணிக்கு முன்னாடி நிக்குது. பத்தாம் தேதியில ஆரம்பிக்கவே இல்ல."

சர்புதீன் டீ கிளாசைக் கீழே வைத்தான். "பத்து! பத்துன்னா இந்த மில்லுக்கு ஏதாச்சும் தோஷமா?"

"தோஷம் மில்லுக்கு இல்ல. இந்த ஃபைலை கேட்டுல இருந்து ஆபீசுக்குத் தூக்கிக்கினு வந்தது யாருன்னு தெரியணும்."

தூக்கி வந்தவள் பெயர் ராதிகா. ஜூன் வரைக்கும் மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இப்போது சங்கராபுரத்தில் தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள் என்று டீக்கடைக்காரரே சொல்லிவிட்டார். சின்ன ஊரில் துப்பறிவாளனுக்கு டீக்கடையைவிடப் பெரிய உதவியாளன் கிடையாது. சர்புதீனுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

ஜெராக்ஸ் கடையில் பட்டா நகல் எடுக்க ஒரே கூட்டம். ராதிகா மிஷினை விட்டு நகராமலே பதில் சொன்னாள்.

"கேட்டு கம்ப்யூட்டர் வேற ரகங்க. அதுல மவுஸ் கெடையாது, படம் கெடையாது. நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கறுப்பா ஒரு விண்டோ தொறந்து, அதுல 'கெட்'டுன்னு அடிச்சு ஃபைல் பேரைப் போட்டா வந்துடும். எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் சொல்லிக் குடுத்தது."

"அதுக்கு முன்னாடி வேற ஒரு வார்த்தை அடிக்கச் சொன்னாரா?" என்றாள் விஜயலட்சுமி.

ராதிகா யோசித்தாள். "ஆமா, 'பைனரி'ன்னு ஒண்ணு. முதல்ல அடிச்சுக்கினுதான் இருந்தேன். ஒரு நாள் மறந்துட்டேன். அடிக்காமலே ஃபைல் வந்துச்சு. சரி, எதுக்கு வீணான்னு வுட்டுட்டேன்." அவள் கை நின்றது. "ஏங்க, எதுனா தப்பா?"

"லிஸ்டு பாதியில நிக்குதேன்னு யாரும் கேக்கலியா?"

"யாரு பாப்பாங்க? சம்பளத்துக்கு மேஸ்திரி தலை எண்ணுவாரு, அவ்ளோதான். மிஷின் சும்மா கேட்டு தொறக்கத்தான். அந்த மலைப் பையன் விஷயத்துலதான் முதலாளி முதல் தடவையா லிஸ்டு கேட்டாரு. பேரு இல்லன்னு சொன்னேன். அப்ப அவரு மூஞ்சியைப் பாக்கணுமே. இன்னொரு தடவை பாருன்னாரு, பாத்தேன், இல்ல. உக்காந்து ஒரு சொம்புத் தண்ணியைக் குடிச்சாரு."

இந்த இடத்தில் விஜயலட்சுமியின் முகம் மாறியதை சர்புதீன் கவனித்தான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு அப்போது தெரியவில்லை. ஒரு துப்பு கிடைத்துவிட்ட குஷியில் இருந்தான் பாவி.

கள்ளக்குறிச்சி திரும்பியபோது பச்சையம்மாள் ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்தாள். மலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். சேதி தெரியாமல் போக மனசில்லை.

"எந்த ஊருன்னு தெரிஞ்சிதாம்மா?"

"பாத்துக்கினு இருக்கோம், உக்காருங்க."

விஜயலட்சுமி கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்தாள். துப்பறிய வருவதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு இதுதான் வேலை. பழைய பெரிய மிஷின்களில் இருக்கிற ஃபைல்களை உருக்குலையாமல் புதிய மிஷின்களுக்கு மாற்றித் தருவது. அந்த வேலையை அவள் ஏன் விட்டாள் என்று சர்புதீன் பல தடவை கேட்டிருக்கிறான். "சத்தமே போடாம தப்பு நடக்கற வேலை" என்று மட்டும் சொல்வாள்.

"இங்க பாரு சர்பு. ஒரு ஆள் ஒரு தடவை விரல் வெச்சா எட்டு எண் பதிவாகும். ரெண்டு ஆள் நம்பருக்கு. அப்புறம் வருஷம், மாசம், தேதி, மணி, நிமிஷம், கடைசியா உள்ளவா வெளியவான்னு. நடுவுல கமா இல்ல, கோடு இல்ல. எட்டு எட்டா எண்ணிக்கினே போனாத்தான் எவன் எங்க முடியறான்னு தெரியும். அந்த எண்ணிக்கைதான் வேலி."

"வேலியில ஓட்டை விழுந்துச்சா?"

"ஓட்டை இல்ல, வேண்டாத ஆள் நுழைஞ்சுட்டான். 'பைனரி'ன்னு சொன்னா, ஃபைலை அப்படியே தூக்கிக்கினு வரும், எதையும் தொடாது. சொல்லலைன்னா, இது எழுத்து போலன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும். கேட்டு டப்பாவுல ஒரு வரி முடிஞ்சா அதுக்கு அடையாளம் பத்துங்கற எண். நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ரெண்டு எண் வேணும், பதிமூணு, அப்புறம் பத்து. அதனால எங்கெல்லாம் பத்தைப் பாக்குதோ அங்கெல்லாம் முன்னாடி ஒரு பதிமூணைச் செருகிடும். உதவி பண்றதா நெனப்பு!"

"எங்கப்பா மாதிரி. கேக்காமலே உதவி பண்ணுவாரு."

"ஆனா இங்க வர்ற பத்து, வரி முடியற அடையாளம் இல்ல. ஆறு மணி பத்து நிமிஷத்துல எவனோ விரல் வெச்சான், அந்தப் பத்து. ஒரு பதிமூணு நடுவுல புகுந்ததும் அதுக்கப்புறம் எல்லாம் ஒரு எடம் தள்ளிப் போச்சு. மாசம் இருக்கற எடத்துல வருஷம் வந்து உக்காந்துக்கிச்சு. இருபத்தஞ்சாவது மாசம் ஏதுன்னு லிஸ்டு போடற புரோகிராம் அதைக் குப்பையில தள்ளிடுச்சு."

சர்புதீன் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "முதல் பொத்தானைத் தப்பாப் போட்டா கழுத்து வரைக்கும் கோணத்தான் செய்யும். சரி, நெசமாவே அதுதானான்னு எப்படி நம்பறது?"

"வியாழக்கிழமை ஃபைல்ல மொத்தம் எத்தினி எண்ணோ, அதை எட்டால வகுத்துப் பாரு."

போட்டான். "மீதி அஞ்சு."

"மீதியே வரக்கூடாது, ஆளுக்கு எட்டுன்னா. இப்ப ஃபைல்ல பத்து எத்தினி தடவை வருதுன்னு தேடு."

தேடினான். எண்ணினான். இன்னொரு தடவை எண்ணினான். "அஞ்சு மேடம்! அஞ்சுக்கும் முன்னாடி பதிமூணு உக்காந்திருக்குது! அட என் ராசாவே!"

"எடுத்துடு அஞ்சையும்."

எடுத்தான். மீதி போயிற்று. பட்டியல் போடுகிற புரோகிராமை மறுபடி ஓட விட்டான். ஆறு ஒன்பதில் முட்டி நின்ற காகிதம் இப்போது கடகடவென்று ஓடியது. நாராயணசாமி ஒன்பது மணிக்கு உள்ளே வந்தார். சமையல்காரம்மா வந்தாள். மத்தியான ஷிப்டு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு, இத்தனை நாள் மில்லே இல்லை என்று சொன்ன பெயர் வந்து நின்றது.

அஜித்குமார். உள்ளே.

சர்புதீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து குதித்தான். "வந்திருக்கான் மேடம்! வந்திருக்கான்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச மனுஷன் இன்னிக்கு மாட்னான்! அக்கா, உங்க தம்பி அன்னிக்கு மில்லுக்குப் போயிருக்கான்க்கா!"

பச்சையம்மாள் எழுந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"போயிருக்கானா?" என்றாள். "அப்ப வெளிய எப்ப வந்தான்?"

சர்புதீன் திரும்பித் திரையைப் பார்த்தான். ராத்திரி ஷிப்டு மாறுகிற நேரம். மத்தியான ஷிப்டு ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே. மேஸ்திரி வெளியே. நாராயணசாமி எல்லாருக்கும் கடைசியாக, நேரம் கழித்து, வெளியே. அதோடு அந்த நாள் முடிந்தது.

அவன் கீழேயிருந்து மேலே போனான், மேலேயிருந்து கீழே வந்தான். மறுநாள் ஃபைலைத் திறந்து அதிலும் பதிமூன்றுகளைப் பிடுங்கி எறிந்தான். அதற்கு மறுநாள். ஜூன் முடியும் வரைக்கும் ஒரு நாள் விடாமல் பிடுங்கினான். எல்லாம் ஒழுங்காக எட்டு எட்டாக நின்றன. அஜித்குமாரின் பெயர் மட்டும் அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் எங்கும் இல்லை.

"சுவர் ஏறிக் குதிச்சிருப்பான் மேடம்," என்றான். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "சின்னப் பையன்தானே. மலையில மரம் ஏறுனவன்."

"சுவர் மேல கம்பிச் சுருள் போட்டிருக்குது. நீயும் பாத்தே."

"ஒரு வேளை மிஷின் வேலை செய்யாம..."

"அவன் ஷிப்டுல முன்னாடி வெளிய போனவனுக்கும் வேலை செஞ்சுது, பின்னாடி போனவனுக்கும் வேலை செஞ்சுது. விரல் வெக்காம கேட்டு தொறக்காது. அவரே சொன்னாரு."

ராதிகா சொன்ன அந்தச் சொம்புத் தண்ணீர் சர்புதீனுக்கு இப்போதுதான் விளங்கியது. பட்டியல் கேட்டபோது நாராயணசாமி அந்தப் பெயர் இருக்கும் என்று பயந்துதான் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் அவருக்கே நம்ப முடியவில்லை. அவர் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, ஒரு பொய்க் காகிதமும் தயாரிக்கவில்லை. ஒரு பெண் அடிக்காமல் விட்ட ஒரு வார்த்தை அவரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான், ஆனால் வந்தது யாருக்கு என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

"போலீசுக்குப் போலாம் மேடம். இப்பவே."

"போகத்தான் போறோம்." விஜயலட்சுமி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "ஆனா கேளு. பழைய டப்பா காயலான் கடையில நொறுங்கிப் போச்சு. நம்ம கையில இருக்கறது நாமளே தொட்டுத் திருத்துன ஃபைல். அவரு வக்கீல் முதல் கேள்வியே, பதிமூணை எடுத்தவங்களுக்கு ஒரு பேரைச் சேர்க்கத் தெரியாதான்னு கேப்பான். பத்து, பதிமூணு, மீதி அஞ்சுன்னு நாம ஒவ்வொருத்தருக்கா சொல்லிப் புரிய வெச்சு முடிக்கறதுக்குள்ள, அங்க இருக்கறதை ராவோட ராவா அள்ளிடுவாரு."

"எங்க இருக்கறதை?" என்று கேட்க வாயெடுத்தான் சர்புதீன்.

 விஜயலட்சுமியின் பார்வை அவனுடைய செருப்பின் மேல் இருந்தது. ஓரத்தில் வெள்ளையாகச் சிமெண்டுத் தூள் ஒட்டியிருந்தது. வாகை மரத்தடி. புத்தம் புதிய தளம். பாயைப் போட்டு இங்கேயே படுத்துவிடலாம் போல என்று தானே சொன்னதும், நாராயணசாமி கடகடவென்று சிரித்ததும் அவன் காதில் திரும்ப வந்தன.  செருப்பைக் கழற்றி வீச வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பச்சையம்மாள் எதிரில் நின்றாள், கழற்றவும் முடியவில்லை.

அவள் அழவில்லை. திரையில் தம்பியின் பெயர் இருந்த வரிக்கு நேராக விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கேரளாவுக்குப் போவல," என்றாள். "நான் ஊருல எல்லார்கிட்டயும் போயிருக்கான்னு சொல்லிக்கினு இருந்தேன்."

 கீழே கடையில் கவுஸ் பாஷா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீதான் இன்னிக்கு அந்த மில்லுக்குள்ள போய் பாத்துட்டு வந்தியே." பச்சையம்மாள் சர்புதீனின் பக்கம் திரும்பினாள். "அவ்ளோ பெரிய எடமா? ஒரு ஆளு உள்ள இருந்தா கண்ணுல படாதா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன், அப்பாவிடம் அடி வாங்கும்போதுகூட நக்கலடித்தவன், வாயைத் திறந்து திறந்து மூடினான். 

அப்போது அவன் சட்டைப் பையில் போன் துடித்தது. காலையில் போட்டு, நெட்வொர்க் கிடைக்காமல் தொங்கிக்கொண்டிருந்த ரீசார்ஜ் இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அஜித்குமாரின் நம்பர், அதற்குக் கீழே பச்சை நிறத்தில் ஒரு டிக். இன்னும் ஒரு மாதத்துக்குச் செல்லும் என்று போட்டிருந்தது.

"இன்னா தம்பி அது?" என்றாள் பச்சையம்மாள்.

"ஒண்ணும் இல்லக்கா," என்று போனைக் கவிழ்த்து வைத்தான் சர்புதீன்.